விலைபோன கட்டடத்துக்கு ஒரு மேனேஜர்

கலையரங்க மேனேஜர் என்றால் நாள் முழுக்க உட்கார்ந்து கலையை ரசிக்கிற உத்தியோகம் என்று நினைப்பவர்கள், ஒருநாள் வந்து எங்கள் கழிப்பறைச் சாவியைத் தேடிப் பார்க்கவேண்டும்.

நாகர்கோவிலில், மகாராஜா காலத்து நெல் களஞ்சியம் ஒன்றில் இருக்கிறது எங்கள் கலைக்கூடம். கீழே நாடகக் குழுவும் வில்லுப்பாட்டுக் குழுவும் முறைவைத்து ஒத்திகை பார்ப்பார்கள். மாடியில் பரதநாட்டிய வகுப்பு. மூன்று கூட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதற்குப் பதினான்கு வருடமாக எனக்குச் சம்பளம். கட்டடக்காரரின் பிள்ளைகள் துபாயிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறார்கள். போன வருடம் அவர்கள் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். வாடகை இடத்தில் தையல் வகுப்போ டியூஷனோ நடத்தி அவதிப்பட்ட புண்ணியவான்களே, என் நிலைமையை உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

நோட்டீஸ்

வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்த அன்று நான் பல் வலிக்கு ஊசி போடப் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியது நாடகக் குழுவின் வில்லன் நடிகர். அவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நாடகத்திலும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம் வருகிறது. இயக்குநர் செல்வன் புதிதாக எழுதித் தபாலில் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்த வில்லன், அதை மேடையில் நின்று கம்பீரமாக வாசித்தார். கதாநாயகி அழுதாள். நான் வாயில் பஞ்சோடு உள்ளே நுழைந்தபோது, அது உண்மையான நோட்டீஸ் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

செல்வனுக்கு மட்டும் திருப்தி இல்லை. மற்றவர்கள் யாரோ எழுதிவிட்டார்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டினார். "எந்த வீட்டுக்காரன்வே இப்பிடிக் கண்ணுல சோர இல்லாம, எரக்கமே இல்லாம எழுதுவான்? நம்பும்படியா இல்ல. மாத்தி எழுதுங்க!"

மாலை

வாங்கியவர் ஒரு துணிக்கடை முதலாளி என்று தெரிந்தது. ஆளை எங்களில் யாரும் பார்த்ததில்லை. முதல் தடவை வரும்போதே மனசைக் குளிரவைத்துவிட்டால் இடிக்க மனம் வராது என்பது எங்கள் கணக்கு. தோவாளைப் பூச்சந்தையிலிருந்து ஆளுயர ரோஜா மாலை ஒன்று வந்தது. வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக ஒருவர் உள்ளே வந்து, அண்ணாந்து உத்தரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் அப்படி ஒரு பிரியம். நானே மாலையைப் போட்டேன். நாட்டிய வகுப்புப் பிள்ளைகள் பூத் தூவினார்கள். வில்லுப்பாட்டு அண்ணாவி, அதாவது அந்தக் குழுவின் தலைமைப் பாடகர், அவருடைய வள்ளல் குணத்தைப் பற்றி நின்ற நிலையில் நாலு வரி கட்டிப் பாடினார்.

வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் முதலாளி இல்லை, பழைய மர வியாபாரி. இடிக்கும்போது எங்கள் கூரை மரம் என்ன தேறும் என்று பார்க்க வந்தவர். "இத்தன வருசமா வீடு பொளிக்கேன், ஒருத்தனும் எனக்கு மாலை போட்டதில்ல. உங்களுக்க கூரைய ஒரு கீறல் விழாம எறக்கித் தாறேன், மக்கா!"

ஆமா

ஒரு வாரம் கழித்து அசல் முதலாளி மனைவியோடு வந்தார். அந்த அம்மா மாடியில் நாட்டியத்துக்குத் தாளம் தட்டிய தட்டுக்கழிச் சத்தத்தைத் தேடி ஏறிப் போய்விட்டார். கீழே நான் அண்ணாவியை முன்னால் நிறுத்தினேன். அம்மன் கோவில் கொடை விழாக்களில் ஊரையே தேம்பித் தேம்பி அழவைக்கிற மனிதர். ஒரு வருடம் தவணை கேட்பதற்கு அவரைவிடத் தோதான ஆள் கிடையாது. ஆனால் அவர் தொண்டையைச் செருமுவதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"கட்டடம் பழசாப் போச்சு" என்றார். அண்ணாவிக்குப் பின்னால் குடமும் உடுக்கையும் தாளமுமாக நாலு பக்கப்பாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நிற்பவர் எதைச் சொன்னாலும் ஆமா போடுவதுதான் அவர்களுக்கு ஆயுசு முழுக்க வேலை. "ஆமா!" என்றார்கள். "மழ வந்தா ஒழுகும்." "ஆமா, ஒழுகும்!" "இடிச்சுப் போட்டுப் புதுசாக் கெட்டுனா நல்லது." "ஆமா ஆமா, நல்லது!" "ஒழிஞ்சு தர மூணு மாசம் போதும்லா?" "ஆமா, போதும்!" குடக்காரர் ஒரு தட்டும் தட்டினார். முதலாளி எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, இவ்வளவு நல்லவர்களை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொல்லிப் போய்விட்டார். அண்ணாவி திரும்பினார். "சவங்களே! கதைக்கு ஆமா போடச் சொன்னா, கழுத்த அறுக்கதுக்கும் ஆமா போடுவியளா?"

அதற்கும் அவர்கள் வாயைத் திறந்தார்கள். நான்தான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன்.

பாலை மரம்

வேறு இடம் தேடினோம். ஒரு மண்டபக்காரர் நாட்டியம் ஆடலாம், ஆனால் காலால் தட்டக்கூடாது என்றார். இன்னொருவர் நாடகம் போடலாம், சத்தம் கூடாது என்றார். அன்று வீட்டுக்குப் போய் நான் நிஜமாகவே அழுதேன். அந்தக் கட்டடம் போனால் இந்த மூன்று கூட்டமும் ஆளுக்கொரு திக்காகப் போய்விடும், பிறகு ஒன்றாகச் சேரவே சேராது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் செல்வன் ஒரு யோசனை சொன்னார். பின்பக்கத்துப் பாலை மரத்தில் துடியான தெய்வமான இசக்கியம்மை குடியிருக்கிறாள் என்று கதை கட்டிவிட்டால் முதலாளி பயந்து தொடமாட்டார். கட்டினார். செவ்வாய்க்கிழமையே இரண்டு பெண்கள் பொங்கல் பானையோடு வந்துவிட்டார்கள். அடுத்த வாரம் பத்துப் பேர். அந்த இசக்கியின் கதையைக் கொடைக்குப் பாடவேண்டும் என்று அண்ணாவிக்கு முன்பணமே வந்தது. அவர் மீதிக் கதையைக் கேட்டுச் செல்வனை விரட்டினார். முதலாளியோ, "எங்க குடும்பத் தெய்வமும் இசக்கிதான், கட கெட்ட ராசியான எடம்" என்று இனிப்பு கொடுத்தனுப்பினார். நஷ்டம் எங்களுக்குத்தான். கழிப்பறை அந்த மரத்தடியில் இருக்கிறது. சாயங்காலம் மணி ஆறானால் செல்வன் என் மேஜைக்கு முன்னால் வந்து நெளிவார்: "நான் கெட்டுன கததான்க்கா. ஆனாலும் கொஞ்சம் கூட வாங்க."

முதலாளியம்மா

மூன்று மாதம் முடிய பத்து நாள் இருக்கையில் முதலாளி தனியாக வந்தார். சாவி கேட்கப்போகிறார் என்று நினைத்து, சாவிக்கொத்தை மேஜை டிராயருக்குள் தள்ளினேன். அவர் என்னைவிடப் பரிதாபமாக இருந்தார். அன்று மாடிக்குப் போன அவர் மனைவிக்கு ஐம்பத்திரண்டு வயது. மறுநாளே நாட்டியம் கற்க வந்து சேர்ந்த அம்மாள், அரங்கேற்றம் இதே மேடையில்தான், அதுவரை ஒரு ஓட்டில் கை வைத்தாலும் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாராம். முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அவ ஆடி எறங்குனதுக்குப் பொறவுதான் இடிக்க முடியும். டீச்சர்ட்ட சொல்லிக் கொஞ்சம் வெரசலா படிச்சுக் குடுக்கப்பட்டாதா?"

நான் டீச்சர் பிரேமாவிடம் சொன்னேன், நேர்மாறாக. எட்டு மாதமாக முதலாளியம்மா முதல் அடவிலேயே நிற்கிறார். அவருக்கு இடது கால் எது என்பதிலேயே குழப்பம் இருந்ததால் டீச்சர் பெரிதாகப் பாவம் எதுவும் செய்யவேண்டி வரவில்லை. நாங்களும் நிம்மதியாக இருந்தோம். போன வெள்ளிக்கிழமை பிரேமா படியிறங்கி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, அவிய வீட்லயும் போய்ப் பழகுதாவ போல இருக்கு. இன்னைக்குத் தாளத்துக்குச் சரியா ஆடிட்டாவ!"

ஒரு மாணவி தேறி வருகிறாள் என்ற செய்தி கேட்டு டீச்சர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிற கலைக்கூடம், உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.