தலைக்கு மேல் ஏறிய வரி

"...அவரு பேருக்கு மேலயே 'கரை சேர்ந்தார்'னு நீதானே அண்ணாத்த போட்டுகீற? அதான் நாஸ்தா எடுத்தாந்தேன்" என்றாள், தூக்குச் சட்டியோடு கரைக்கு வந்து நின்ற ஏழுமலையின் மனைவி.

காற்றில் சிக்கிய திருவிடந்தைப் படகுக்காரர்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் நான்தான். பெயர் ஒரு பக்கம், நிலவரம் ஒரு பக்கம் என்று அழகாக நிற்க, ஸ்பேஸ் பட்டனைத் தட்டித் தட்டி நிலவரத்தைத் தள்ளி வைத்திருந்தேன். போனில் வரிகள் மடங்கி, வேலுவின் 'கரை சேர்ந்தார்' அடுத்த பெயரான ஏழுமலையின் தலைக்கு மேல் உட்கார்ந்துவிட்டது. கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். அந்தப் பொய்யை அடித்தது என் விரல்.

"வந்தது வேலுதாம்மா. ஏழுமலை... இன்னும் தெரியல."

இப்போதெல்லாம் பெயரை ஒட்டியே நிலவரத்தை எழுதிவிடுகிறேன். அழகு பார்ப்பதில்லை.

அன்று அவள் என்னைத் திட்டவில்லை. போர்வைக்குள் நடுங்கிய வேலுவின் முன்னால் தூக்கைத் திறந்து வைத்து, "நீயாச்சும் துன்னுடா" என்றாள்.