மூன்று மோட்டாரும் ஓடட்டும்

முருகேஸ்வரிக்கு வாய் நீளம் என்று எம்.ரெட்டியபட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐடிஐயில் எலெக்ட்ரீசியன் படிப்பில் அவளோடு ஒரே வகுப்பில் இருந்தவன் நான். வாய் நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போடாமல் அந்த வாயைத் திறக்க மாட்டாள்.

படிப்பு முடிந்ததும் கல்யாணம். கரண்டைத் தொடும் மருமகள் வேண்டாம் என்று மாமனார் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு ஸ்விட்ச் கெட்டாலும் வெளியாளைக் கூப்பிடுவார்கள். இவள் பக்கத்தில் நின்று அந்த ஆள் செய்யும் தப்பைச் சொல்வாள், மாமியாரிடம் திட்டு வாங்குவாள். மாமனார் போன பிறகு, கணவர் லாரியே கதி என்று கிடந்ததால், மல்லிகைத் தோட்டமும் கிணறும் அவள் கைக்கு வந்தன.

நான் அருப்புக்கோட்டையில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாரும் தறியில் இருக்க, நான் மட்டும் செம்புக் கம்பிக்குப் போனவன். ஒரே கோடையில் இரண்டாவது முறையாக அவள் மோட்டார் கருகி என் கடைக்கு வந்தது.

"ஏலே சௌந்தரு, உன் காயில் மேல குத்தமில்ல. வோல்டேஜ் வரல. இன்னொரு வாட்டி எரிஞ்சா காயில் கட்ட எங்கிட்ட காசில்ல. செடி காஞ்சிரும், தோட்டத்த வித்துப்புட்டு மில்லுக்குத்தான் போகணும். மீட்டர எடுத்துட்டு வா" என்றாள்.

போனேன். டிரான்ஸ்பார்மர் ரோட்டோரம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மெல்லிசான கம்பி, அதன் கடைசியில் மூன்று கிணறுகள். ஒன்று இவளுடையது, அடுத்தது கொழுந்தன் முறையாகும் சுப்புராஜுடையது, மூன்றாவது இருளப்பசாமி அண்ணனுடையது. மூவருக்கும் அனுமதி ஐந்து எச்பி, மூவரும் ஓட்டுவது ஏழரை.

மோட்டார்கள் ஓடாதபோது மூன்று பேஸ் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் இருநூற்று முப்பது வோல்ட் காட்டியது. மூன்றையும் போட்டதும் நூற்று எண்பத்தைந்துக்கு இறங்கிவிட்டது. கம்பியில் போகும் கரண்ட் நாற்பத்தைந்து ஆம்பியர். அவள் குச்சியை எடுத்து வாய்க்கால் மண்ணில் எழுத ஆரம்பித்தாள்.

"கொறஞ்ச வோல்ட்டு நாப்பத்தஞ்சு. ஓடுற ஆம்பியரால வகுத்தா ஒன்னு. கம்பியோட தடை ஏறக்குறைய ஒரு ஓம். இப்ப நாப்பத்தஞ்ச நாப்பத்தஞ்சால பெருக்கு. ஒரு கம்பிக்கு ரெண்டாயிரம் வாட்ஸு, மூணு கம்பிக்கும் ஆறாயிரம். எட்டு எச்பிலே! என் மோட்டாரவிடப் பெரிய மோட்டாரு ஒன்னு அந்தக் கம்பிக்குள்ள ஓடுது, ஒரு சொட்டுத் தண்ணி எறைக்காம!"

கிணற்றடிக்கே டிரான்ஸ்பார்மர் வந்தால் அந்த ஒரு கிலோமீட்டர் மெல்லிசுக் கம்பி தேவையில்லை, பிரச்சினை தீர்ந்தது. மனு போடாமலும் இல்லை. ஆனால் மின்வாரிய ஜீப் ரோட்டில் திரும்பியதுமே போன் பறக்கும், மூன்று மோட்டாரும் நின்றுவிடும். ஏழரை ஓட்டுவது தெரிந்தால் அபராதமாயிற்றே! வருகிறவர் அளப்பார், இருநூற்று முப்பது காட்டும், குறையில்லை என்று எழுதிவிட்டுப் போவார். அடுத்த வாரமே யாருடைய மோட்டாராவது எரியும். தங்கள் குழியைத் தாங்களே வெட்டிக்கொள்கிற இந்தப் புத்திசாலிகளை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முருகேஸ்வரியும் அதுவரை நிறுத்தியவள்தான்.

அடுத்த முறை உதவிப் பொறியாளர் சண்முகவேல் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். இரண்டு மோட்டார்கள் வழக்கம்போல் நின்றன. இவளுடையது மட்டும் ஓடியது. அவர் மீட்டரை வைத்தார். இருநூற்றுப் பதினைந்து.

"பெருசா கொறையலையேம்மா. இதை வச்சு நான் என்ன எழுத?"

"மூணும் ஓடுனா எவ்வளவுன்னு பாருங்க சார்."

சுப்புராஜ் முந்திக்கொண்டார். "எங்க ரெண்டு மோட்டாரும் ரிப்பேரு சார்."

முருகேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரிப்பேரு ஒன்னுமில்ல சார். மூணு கிணத்துலயும் ஓடுறது ஏழரை. என்னோடதும் ஏழரைதான். அவுக ரெண்டு பேரு ஸ்டார்ட்டர்லயும் கை வச்சுப் பாருங்க, இன்னும் சுடும்."

"மதினி! என்ன பேசுறீக? சொந்தத்தையே மாட்டி விடுறீகளா?"

"ஆமா, மாட்டி விட்டேன். மறைக்க இனி என்ன இருக்கு கொழுந்தனாரே? போயி மோட்டாரப் போடுங்க."

சுப்புராஜ் நகரவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. இருளப்பசாமி அண்ணன்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலில் நடந்தார். "போற மானம் போயிருச்சு, தண்ணியாவது வரட்டும்டா" என்று சொல்லிக்கொண்டே போய்ப் பட்டனை அழுத்தினார். முள் இருநூறுக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து சுப்புராஜும் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். நூற்று எண்பத்தைந்து. இவள் மோட்டார் முனக ஆரம்பித்தது.

சண்முகவேல் மீட்டரை இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். "டிரான்ஸ்பார்மருக்கு இது போதும், எழுதுறேன். ஆனா கூடுதல் லோடையும் எழுதித்தான் ஆகணும். அபராதம் வரும்மா."

"எழுதுங்க."

"சர்வீஸ் கனெக்ஷன் யார் பேர்ல இருக்கு?"

"எங்க மாமனார் பேர்ல. அவுக செத்துப் பத்து வருசமாச்சு." அவர் எழுதப் போன கையை அவள் குரல் நிறுத்தியது. "சார், அவுக பேர எழுதாதீக. முருகேஸ்வரின்னு எழுதுங்க. இந்த மோட்டார ஓட்டுறது நான்."

பெயர் மாற்றத்துக்குத் தனியாக மனு கொடுக்க வேண்டும் என்றார் அவர். கொடுக்கிறேன் என்றாள். அதன் பிறகும் அவர் பேனா தாளில் படும்வரை அந்த இடத்தைவிட்டு அவள் அசையவில்லை.

அபராதம் முதலில் வந்தது. டிரான்ஸ்பார்மர் வர எட்டு மாதம் ஆனது. அது வந்த வாரமே சுப்புராஜ் வீட்டில் காதுகுத்து. ஊர் முழுக்க அழைப்பு, அவளுக்கு மட்டும் இல்லை. அன்று காலை எனக்குப் போன் செய்தாள். வருத்தப்படுவாள் என்று நினைத்து ஆறுதல் வார்த்தை தேடினேன்.

"மூணும் ஓடுதுலே சௌந்தரு" என்றாள். "இருநூத்தி இருபத்தஞ்சு."