மூன்றடி தள்ளி

முதலில் எலுமிச்சம்பழத் தோல், பிறகு கல்லுப்பு, பிறகு புளிக்கரைசல், கடைசியில் துணி சோப்பு. பெரிய மார்க்கெட்டின் பின்பக்கக் குழாயடியில், மத்தியானம் இரண்டு மணிக்கு, அஞ்சம்மாள் இந்த வரிசை மாறாமல் கை கழுவிக்கொண்டிருப்பாள். நகக்கண்ணுக்கு ஒரு பழைய பல் பிரஷ். முழங்கை வரை தேய்த்து முடித்ததும் உள்ளங்கையை மூக்கில் வைத்து முகர்வாள். முகம் சுளிப்பாள். மறுபடியும் எலுமிச்சம்பழத் தோல். நான் நிற்பதைப் பார்த்துவிட்டால், "மீனு வித்துப்பூடும் சார், கவுச்சிதான் போவமாட்டேங்குது" என்பாள்.

பிறகு மளிகைக் கடையில் கொடுத்து வைத்திருக்கும் பையை வாங்கி, சாக்குப் படுதாவுக்குப் பின்னால் சேலை மாற்றிக்கொள்வாள். வியாபாரச் சேலை வீட்டுக்குப் போவதில்லை.

வைத்திக்குப்பத்துக்காரி. வயது நாற்பத்திரண்டு. ஆள் குள்ளம், குரல் நெட்டை. உப்பளத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும் நான் பத்து வருஷமாக அவளிடம்தான் மீன் வாங்குகிறேன். செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற ஆசாமிகளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "இன்னா சார், பொண்ணு பாக்க வந்தியா, மீனு வாங்க வந்தியா?" என்று நாலு பேர் கேட்கக் கேட்பாள். அரிவாள்மனையில் வஞ்சிரத்தை வைத்தால் பத்துத் துண்டும் ஒரே கனம்தான். வேலையில் இப்படிக் கெட்டிக்காரக் கை. அந்தக் கைக்குப் பெற்ற மகளைத் தொட அனுமதி இல்லை.

மகள் பூர்ணிமாவுக்குப் பதினாறு வயது. கவுச்சி பட்ட கை தன்மேல் பட்டால் செத்துவிடுவோம் என்று பயப்படுகிறாள். பதிமூன்று வயதில் தொடங்கியது. முதலில் தன் கையைத்தான் கழுவிக்கொண்டே இருந்தாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்த பிறகும் கழுவினாள். பள்ளிக்கூடத்தில் குழாயடியை விட்டு நகராததால் படிப்பு எட்டாவதோடு நின்றது. பிறகு அம்மா மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்றாகிவிட்டது. வீட்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறாள். கையில் பாலிதீன் கவர் மாட்டிக்கொண்டு சோறு போட்டு, தட்டைக் கோட்டருகே வைத்துவிட்டு அஞ்சம்மாள் பின்வாங்க வேண்டும். அப்பா கலியபெருமாள் விசைப்படகில் போகிறவர். கரையில் இருக்கும் நாளிலும் படகிலேயே படுத்துக்கொள்கிறார்.

"மூணு வருசமாவுது சார், அவ தலைல ஒரு பேன் பாத்து" என்று ஒருநாள் சொன்னாள். அப்போது நான் வழக்கம்போல, ஸ்கூட்டரில் வாடை ஏறக்கூடாதென்று, மீனை இரண்டு கவரில் போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

கை கழுவுவதோடு போயிருந்தாலும் சமாளித்திருக்கலாம். சில வாரம் பூர்ணிமா தூங்காமல், பேச்சு ஓயாமல், தெருவில் உள்ளவர்கள் பாத்திரத்தையெல்லாம் தான் கழுவித் தருவதாகப் போய் நிற்பாள். பிறகு ஒருநாள் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். பதினைந்து நாள் எழுந்திருக்க மாட்டாள். காதுக்குள் யாரோ பேசுவதாகவும் சொல்கிறாள். ஒரு டாக்டர் ஓ.சி.டி. என்று எழுதினார். அடுத்தவர் பைபோலார் என்றார். மூன்றாமவர் இன்னொரு பெயரை எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். "ஒரு வலைய இழுத்தா நாலு ஜாதி மீனு வருதுல்ல சார், அந்த மாதிரி எம் பொண்ணுக்கு" என்கிறாள் அஞ்சம்மாள். சுனாமிக்குப் பிறகு படிவத்தோடு வந்த ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண், காரணம் என்ற இடத்தில் 'அலை' என்று எழுதிக்கொண்டாள். "அலைக்கு ஒரு வருசம் முன்னாடியே வந்துடுச்சிம்மா" என்று இவள் சொன்னதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. ஒரு கலர் பென்சில் டப்பா கொடுத்துவிட்டுப் போனாள்.

போன வருஷம் அஞ்சம்மாள் ஒரு காரியம் செய்தாள். மீன் வரிசையில் ஒருத்தி உட்காரும் இடம் அவள் அம்மா உட்கார்ந்த இடம். அவளுக்குப் பிறகு அவள் மகளுடையது. யாரும் எழுதித் தந்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. அப்படி வந்த தன் இடத்தை அஞ்சம்மாள் நாத்தனார் செல்வாம்பாளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பூ விற்கப் போனாள். மீனைத் தலைமுழுகினால் மகள் கிட்டே சேர்ப்பாள் என்ற நம்பிக்கை. ஐந்து மாதம் மல்லியும் கனகாம்பரமும் கட்டி விற்றாள். ஒருநாள் தலை குளித்து, புதுச் சேலை கட்டி, கோட்டருகே போய் நின்றாள். பூர்ணிமா மூக்கைப் பொத்திக்கொண்டு, "பொண வாசன அடிக்குது, போ!" என்று கத்தினாள். பிறகு சாக்பீஸை எடுத்துக் கோட்டின்மேல் இன்னொரு கோடு அழுத்திப் போட்டாள்.

விட்ட இடம் விட்டதுதான். செல்வாம்பாளுக்கும் அடுத்து உட்கார ஒரு பெண் இருக்கிறாள், அதனால் செல்வாம்பாள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. இப்போது அஞ்சம்மாள் ஐஸ் தண்ணீர் வழிகிற வாசல்படியோரம் உட்கார்ந்து விற்கிறாள். "இது மீனால வர்ல சார். மீன வுட்டப்புறந்தான் தெரிஞ்சிச்சி" என்கிறாள். பின்னே தினமும் எதற்கு இந்த எலுமிச்சம்பழத் தோல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன வியாழக்கிழமை காலை, அஞ்சம்மாள் மார்க்கெட்டுக்குக் கிளம்புவதற்குள், பூர்ணிமா பிளீச்சிங் பவுடரைக் குழைத்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டாள். "நீ இங்கிலீஷு படிப்பியே சார், ஒரு தபா ஆஸ்பத்திரிக்குக் கூட வா" என்று அஞ்சம்மாள் எனக்குப் போன் செய்தாள். ஆட்டோவின் பின்சீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் பூர்ணிமாவைப் பிடித்துக்கொள்ள, பெற்றவள் டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து வந்தாள்.

மனநலப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் கோப்பில் புதிதாக ஒரு வரி சேர்த்தார். கொஞ்ச நாள் ஒரு ஹோமில் விட்டுப் பார்க்கலாம், யோசியுங்கள் என்றார். அஞ்சம்மாள் நோயின் பெயரைக் கேட்கவில்லை. "அங்க இருந்து வந்தா என்னத் தொட வுடுவாளா டாக்டரு?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது.

ஊசி போட்டதில் பூர்ணிமா கட்டிலில் அசந்து தூங்கினாள். இரண்டு கையிலும் கட்டு. ஒரு கொத்து முடி கண்ணை மறைத்து, உதட்டோரம் ஒட்டிக் கிடந்தது. அங்கே கோடு எதுவும் இல்லை. அஞ்சம்மாள் மூன்றடி தள்ளியே நின்றாள்.

"தூங்கறாளே, போய்த் தொடும்மா" என்றேன்.

கிட்டே போனாள். முடியை ஒதுக்கக் கையைக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தி, உள்ளங்கையை மூக்கில் வைத்து முகர்ந்தாள். அன்று அவள் மீனையே தொடவில்லை. இருந்தும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முந்தானையில் சுற்றிக்கொண்டாள். பிறகு குனிந்து, மகளின் முகத்துக்கு மேல், மெதுவாக ஊதினாள். முடி விலகி, மறுபடியும் கண்மேல் விழுந்தது. அவள் மறுபடியும் ஊதினாள்.