பன்னிரண்டு மணிக் கயிறு

தன் பங்குக்கான நேரத்தைத் தானே அளக்கும் ஒருவரால் சரியாக அளக்க முடியுமா? ராயப்பராஜின் வாழ்க்கை இந்தக் கேள்வியோடுதான் நடந்தது. அவர் அதைக் கேள்வியாக நினைத்தாரா என்பது தெரியாது.

சிறுமலை அடிவாரத்தில் ஆறு குடும்பங்களின் வயல்களுக்கு ஒரே ஊற்று. கோடையில் கிணறுகள் கைவிட்டாலும் பாறையிடுக்கிலிருந்து அது வாய்க்காலுக்கு வந்துகொண்டிருக்கும். அதை நம்பித்தான் அங்கே எப்போதும் விதைத்தார்கள். காலை ஆறு முதல் நண்பகல் வரை ஒருவர் முறை, அதன்பின் மாலை ஆறு வரை அடுத்தவர் முறை. கைக்கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டியதால், மாதா கோயில் மணி அடித்ததும் மடையை மாற்ற வேண்டும் என்று பேசிவைத்திருந்தார்கள். அந்த மணியை அடிக்கும் கோயில்பிள்ளை ராயப்பராஜ். பாட்டு வராது, பீடத்தில் பூ அடுக்கவும் வராது. மணி மட்டும் தவறாது. ஆறு வயல்களில் ஒன்று அவருடையது.

1999 சித்திரையில் ஊற்று மெலிந்தது. அவருடைய சின்ன வெங்காயம் காய் பெருக்கும் நேரம். அந்த ஒரு தண்ணீர் தவறினால் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிடும். ஒரு நாள் காலை அவர் முறை. பதினொன்றரை மணி ஆகியும் ஒன்பது பாத்திகள் காய்ந்து கிடந்தன.

அடுத்த முறைக்காரர் மீரான், திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்துச் சேர்த்து நிலம் வாங்கியவர். மண்வெட்டியோடு வரப்பில் வந்து நின்றார்.

"அண்ணே, இன்னிக்கி பன்னெண்டு மணி நொண்டி நொண்டித்தான் வரும்போல. என் தக்காளி தலையத் தொங்கப்போட்ருச்சு."

பக்கத்து வயலில் களையெடுத்த பேச்சாயி சும்மா இருப்பாரா? "கயிறு அவரு கையில, வெங்காயமும் அவருது. சூரியனே கோயில்பிள்ளையக் கேட்டுத்தான் உச்சிக்கு வரணும்."

ராயப்பராஜும் சிரித்துவிட்டார். மீரானைக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிற்றைக் கையில் கொடுத்தார்.

"இந்தா, நீயே அடி."

"அல்லாவே! நானா? சாமியார் பாத்தா என்னண்ணே சொல்வாரு?"

"கைய நல்லாத் தூக்கி இழுன்னு சொல்வாரு. நான் பாத்தி பாக்கப் போறேன்."

கோயில் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. முந்தி அடித்துவிட்டான் என்ற பேச்சு வரக்கூடாதே என்று மீரான் பொறுத்தார். முள் நன்றாகத் தாண்டட்டும் என்று இன்னும் பொறுத்தார். மணி கேட்டபோது பன்னிரண்டு பத்து. ராயப்பராஜின் கடைசிப் பாத்தியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏலே மீரான், உனக்கு அந்தக் கோயில்பிள்ளையே தேவலடா!" என்று பேச்சாயி கத்தினார்.

மீரான் பொறுத்ததைப் பெருந்தன்மை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஊர் வாய்க்குப் பயப்படுவதும் சில நேரம் நியாயத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

அடுத்த முறைக்கு, "நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம், நீங்களே அடிங்கண்ணே" என்றார் மீரான். ராயப்பராஜ் கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஊற்று பெருகி, மடையைப் பற்றி யாரும் கவலைப்படாத நாட்களிலும், தன் முறையன்று நண்பகல் மணியை அவர் அடிக்கவில்லை. பத்து வருடம் அப்படியே. ஏன் என்று கேட்டவர்களிடம் வெங்காய விலையைப் பேசினார். மீரான் முனகிக்கொண்டே போய்க் கயிற்றை இழுத்தார்.