வண்டலூரில் நின்ற ஆட்டோ

என் பன்னிரண்டாவது வயதைப் பாதித் தூக்கத்தில்தான் கழித்தேன். விடிவதற்கு முன்பே மாமா என்னை எழுப்பி, தன் ஆட்டோவின் பின் சீட்டில் போட்டுவிடுவார். அம்மாவின் தம்பி அவர். எங்கள் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு தாம்பரத்தில் ஆட்டோ ஓட்டினார். ராஜகீழ்ப்பாக்கத்தில் மூடிய கண்ணை மைதானத்தில் திறப்பேன். நடுவே ஏரிக்காற்றும், டீக்கடைப் பாட்டும், யாரோ வாசல் தெளிக்கும் சத்தமும் வந்துபோகும். எது கனவு, எது சாலை என்று தெரியாது.

நான் வேகப்பந்து வீசுகிறவன். பள்ளிக்கூட அணி, கோச்சிங் சென்டர் அணி, ஞாயிற்றுக்கிழமை தெருப் பையன்களின் அணி என்று மூன்றுக்கும் போட்டேன். பி.டி. சார் கறாரானவர், ஒரு நாளைக்கு முப்பத்தாறு பந்துக்கு மேல் விடமாட்டார். கோச்சும் அப்படித்தான். அவரவர் கணக்கு அவரவருக்குச் சரியாக இருந்தது. மூன்று மைதானத்தையும் பார்த்தவர் மாமா ஒருவர்தான்.

அந்த வருஷம் முதுகின் இடது பக்கத்தில், இடுப்புக்குச் சற்று மேலே ஒரு வலி வந்து குடியேறியது. மாவட்ட அணித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால் நான் மூச்சுவிடவில்லை. ஆனால் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் மெல்ல நிமிர்வதை மாமா கண்ணாடியில் பார்த்துவிட்டார். அப்பாவிடம் போய்ச் சொன்னார்.

"வளர்ற பையன், வலிக்கத்தான் செய்யும். செலக்‌ஷன் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் அப்பா, டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல். இருந்த நிலத்தை மனை போட்டு விற்ற பிறகு அவருக்குப் பெருமையடித்துக்கொள்ள மிச்சமிருந்தது நான்தான். அக்கா வீட்டில் சாப்பிடுகிற மாமாவால் அதற்கு மேல் என்ன பேசிவிட முடியும்?

தேர்வு கூடுவாஞ்சேரியில். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் பனி. வழக்கம்போலக் கண்ணயர்ந்தேன். கனவில் நான் வலியே இல்லாமல் ஓடிவந்து போட, ஸ்டம்புகள் ஒவ்வொன்றாக மெதுவாகப் பறந்தன. எங்கோ ஒரு சிங்கம் கர்ஜித்தது. விழித்துப் பார்த்தால் ஆட்டோ வண்டலூரில் நின்றிருந்தது. சிங்கம் நிஜம்தான், ஜூவுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தது.

"இன்னா மாமா?"

"பேஜார் பண்ணுதுடா." லீவரை இழுத்தார். வண்டி இருமிவிட்டு அடங்கியது.

"வேற ஆட்டோ புடி மாமா, லேட்டாவுது!"

"இரு, இதோ ஆயிடும்."

அந்த 'இதோ'வில் ஒரு மணி நேரம் போயிற்று. பொறுக்க முடியாமல் இறங்கி ஓடினேன். பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன், முதுகு பிடித்துக்கொண்டது. சாலையோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மாமா என்னைத் தூக்கிவந்து சீட்டில் வைத்தார். பிறகு குனிந்து சீட்டுக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குமிழைத் திருகினார். ஒரே இழுப்பில் வண்டி கிளம்பியது. அட, நம் மாமா கெட்டிக்காரர்தான் என்று அந்த அழுகையிலும் நினைத்தேன்.

திரும்பும் வழியில் எலும்பு டாக்டரிடம் நிறுத்தினார். ஒரு நாளைக்கு எத்தனை பந்து என்று டாக்டர் கேட்க, "முப்பத்தாறு" என்றேன். "அது இஸ்கூல்ல மட்டும் சார்" என்று மற்ற இரண்டையும் மாமா ஒப்பித்தார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். ஸ்கேனில் எலும்பு விரிசல் விட ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போட்டிருந்தால் முழுசாக உடைந்திருக்கும் என்றார். நான்கு மாதம் பந்தையே தொடக்கூடாது.

எனக்கோ தேர்வு போனது மட்டும்தான் புரிந்தது. சாயங்காலம் அப்பா ஸ்கேன் கவரைப் பிரிக்கக்கூட இல்லை. "ஓட்ட வண்டிய வெச்சிக்கிட்டு எம் பையன் வாழ்க்கையவே கெடுத்துட்டியே!" என்று கத்தினார். மாமா தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த மனிதர் ஏன் அப்படித் தலையைக் குனிந்துகொண்டார் என்று இன்று எனக்குத் தெரியும்.

அன்று தெரியவில்லை. விறுவிறுவென்று வாசலுக்குப் போய், ஆட்டோவின் டயரை ஓங்கி உதைத்தேன். கை கழுவ வந்த மாமா பார்த்துவிட்டார்.

"வண்டிய உதைக்காதடா" என்றார். "அது இன்னா பண்ணுச்சு?"

நான் இன்னொரு உதை விட்டேன்.