தெலுக் பங்லிமா காராங்கில் நின்றுபோன படகு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு பள்ளி விடுமுறையில் அம்மாவால் தொடர்ந்து மூன்று நாள் என் மானம் போனது. மூன்றாம் நாள் மதியத்துக்குள் அது முழுசாகத் திரும்பியும் வந்துவிட்டது.

அம்மா கிள்ளானில் ஒரு படகு நிறுவனத்தில் இன்ஜின் மெக்கானிக். துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தீவுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் டீசல் படகுகள் அவளுடைய பொறுப்பு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து இன்ஜின் சத்தத்திலேயே வளர்ந்தவள் என்பதால் அந்த வேலை அவளுக்கு வினோதமாகப் பட்டதில்லை. எனக்குத்தான் பட்டது. என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் கிளினிக்கிலும் பேங்கிலும் இருந்தார்கள். என் அம்மா மட்டும் நீல ஓவராலும் நகக்கண்ணில் கறுப்புமாகப் பள்ளி வாசலில் வந்து நிற்பாள்.

அந்த விடுமுறையில் படகு முதலாளிகளுக்காக ஒரு பயணம் ஏற்பாடாகியிருந்தது. ஆற்றையும் கடலையும் கெடுக்காமல் படகு கட்டுவது எப்படி, ஓட்டுவது எப்படி என்று மூன்று நாள் பஸ்ஸில் போய்ப் பட்டறை பட்டறையாகப் பார்ப்பது. அம்மாவின் தவுக்கே, அதாவது அவளுடைய சீன முதலாளி, அதற்குப் போனார். அம்மாவும் போனாள். அப்பா லோரியில் ஜொகூர் போயிருந்தார். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாததால் நானும் போனேன். பசுமைக் கப்பல் பார்க்கப் போகிறோம் என்று அம்மா சொல்லியிருந்ததால், பஸ்ஸில் ஏறும்போதே பச்சைக் கலர் பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் பார்த்த கப்பல்கள் எல்லாம் துருப்பிடித்த சிவப்பு. பழைய பெயின்டைச் சுரண்டும்போது அது ஆற்றில் விழாமல் இருக்க அடியில் பெரிய கன்வாஸ் விரித்திருப்பதைக் காட்டினார்கள். காலர் சட்டை போட்ட இருபது ஆண்கள் தலையாட்டினார்கள். அம்மா மட்டும் கையைத் தூக்கி, “கன்வாஸ்ல விழுந்தத அப்புறம் எங்க கொண்டு போய் கொட்டுறீங்க?” என்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவர் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாம் நாள் ஒரு ஃபெர்ரியில், அடித்தளத்தில் சேரும் எண்ணெய்த் தண்ணீரைக் கடலில் விடாமல் டிரம்மில் பிடித்து வைப்பதைக் காட்டினார்கள். அம்மா மண்டியிட்டு, டிரம் மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்தாள். நான் நாலு அடி தள்ளி நின்று, யாரோ ஒரு அங்கிளோடு வந்த பிள்ளை மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் தெலுக் பங்லிமா காராங்கில், லங்காட் ஆற்றோரம் இருந்த ஒரு பட்டறை. அங்கேதான் பயணத்தின் முக்கியமான சரக்கு இருந்தது. டீசலே இல்லாமல் பேட்டரியில் ஓடும் ஒரு படகு. வெள்ளை நிறம்தான். என் பென்சிலுக்கு அங்கும் வேலை இல்லை. அதைச் செய்த பொறியாளர் ஒரு தமிழ் அண்ணன், கல்லூரி முடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருக்கும், லேப்டாப்பைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு பேசினார். அம்மா கையைத் தூக்கினாள்.

“தம்பி, தண்ணி எந்த வழியா உள்ள வருது?”

“அக்கா, இது டீசல் இன்ஜின் இல்ல. பேட்டரி, மோட்டார், அவ்வளவுதான். புகையும் இல்ல, எண்ணெயும் இல்ல லா.”

“சூடாகும்ல?”

“ஆகும்.”

“அப்ப அத எது ஆத்துது?”

அண்ணன் சிரித்துவிட்டார். “ஆத்துத் தண்ணிதான்க்கா. அடியில ஏறி, மோட்டார சுத்திட்டு, பக்கவாட்டுல வெளிய போயிரும்.”

“எந்தப் பக்கம்?”

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். தவுக்கே கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா படகின் இடது பக்கம் போய், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்த சின்ன ஓட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். எனக்கு ஆற்றில் குதித்துவிடலாம் போல இருந்தது.

பிறகு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. சத்தமே இல்லை. கரையில் நீப்பாப் பனை ஓலைகள் உரசுவது கேட்டது. ஒரு கொக்கு, நாங்கள் பக்கத்தில் வரும்வரை எங்களைக் கவனிக்கவே இல்லை. காலர் சட்டைக்காரர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அண்ணனின் முகம் மின்னியது.

ஆற்றின் நடுவே ஒரு வளைவில், அந்தச் சத்தமில்லாத படகு சத்தமில்லாமலே நின்றுபோனது.

லேப்டாப்பில் சிவப்பாக ஏதோ மினுங்கியது. அண்ணன் மோட்டாரை அணைத்து மறுபடி போட்டார். படகு நகர்ந்தது, அரை நிமிடத்தில் மறுபடி நின்றது. இன்னொரு முறை. அதே கதை. கடல் பக்கம் வடிந்துகொண்டிருந்த ஆறு எங்களை இழுக்க ஆரம்பித்தது. படகோட்டியான மலாய்க்காரர் நங்கூரத்தைப் போட்டார். அது சேற்றில் பிடிக்காமல் கூடவே வந்தது. வளைவுக்குக் கீழே மணல் ஏற்றும் இரும்புத் தோணி ஒன்று கட்டிக் கிடந்தது, எங்கள் படகைவிட ஐந்து மடங்கு பெரிது. நாங்கள் நேராக அதை நோக்கிப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தோம். யாரோ லைஃப் ஜாக்கெட்டை என் தலை வழியாக மாட்டினார்கள். அண்ணன் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் காதுமடல் சிவந்திருந்தது.

அம்மா அவர் பக்கம் போகவில்லை. இடது பக்கக் கம்பியில் வயிறு பதிய வளைந்து கீழே பார்த்தாள்.

“தம்பி, தண்ணி வெளிய வரல.”

அண்ணன் நிமிர்ந்தார்.

“மோட்டார் நல்லாத்தான் இருக்கு. தண்ணி போவல, அதான் சூடாகி தானா நின்னுக்குது. தண்ணி வடிகட்டுற அரிப்பு எங்க இருக்கு? நான் பாக்கவா?”

அவர் தரையில் ஒரு மூடியைக் காட்டினார். அம்மா அதற்குள் இறங்குவதற்கு முன் என்னைப் பிடித்து அந்தக் கம்பியோரம் நிறுத்தினாள்.

“அந்த ஓட்டையவே பாரு. தண்ணி வந்தா கத்து. வேற எங்கயும் பாக்காத.”

நான் வேறெங்கும் பார்க்கவில்லை. பின்னால் தோணி பெரிதாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கீழேயிருந்து வால்வு திருகும் சத்தமும், அம்மா மூச்சுப் பிடிப்பதும் கேட்டன. பிறகு ஏதோ ஒன்று டெக்கில் சொத்தென்று விழுந்தது. ஓலை நாரோடு முறுக்கிக் கிடந்த ஒரு அரிசிப் பிளாஸ்டிக் பை. அதற்குப் பின்னால் இன்னொரு கறுப்புப் பை. ஆறு கெடக்கூடாது என்று செய்த படகை, ஆற்றில் யாரோ போட்ட குப்பை நிறுத்தியிருந்தது.

“போடுங்க தம்பி!”

ஓட்டை ஒரு முறை கொப்பளித்தது. காற்று. இன்னொரு முறை காற்று. பிறகு சேற்று நிறத்தில் தண்ணீர் பீறிட்டு என் முகத்திலேயே அடித்தது.

“வந்துருச்சு!” என்று நான் கத்திய கத்தலில் மரத்தில் இருந்த குரங்குகள் கிளைமாறின. “ம்மா, வந்துருச்சும்மா! வந்துருச்சு!”

லேப்டாப்பில் அந்தச் சிவப்பு அணைய எடுத்த நேரம் எனக்கு ஒரு வருடம். படகோட்டி திருப்பியபோது தோணியின் துரு என் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனது. எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா மூடியிலிருந்து தலையை நீட்டினாள். கன்னமெல்லாம் சேறு. அண்ணன் இரண்டு கையாலும் அவளைத் தூக்கிவிட்டு, “அக்கா, நீங்க எங்க படிச்சீங்க?” என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, “இது எங்கம்மா!” என்றேன். அதை எல்லோருக்கும் கேட்கும்படி இன்னும் இரண்டு தரம் சொன்னதாக நினைவு.

கரைக்கு வந்ததும் தவுக்கே இருபது பேர் முன்னால், இனி நம் கம்பெனியில் இந்த மாதிரிப் படகு வந்தால் அதற்குத் தலைமை இவள்தான் என்று மலாயில் அறிவித்தார். அண்ணன், அடுத்த மாதமே பட்டறைக்கு வந்து ஒரு வாரம் இருந்து கற்றுக்கொள்ளுங்கள், எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்றார். அம்மா, டயர் மாற்றச் சொன்னது போல, “சரி, வரேன்” என்று மட்டும் சொன்னாள்.

கிள்ளானுக்குத் திரும்பியதும் இரண்டு பேரும் வாழையிலைக் கடைக்குப் போனோம். நான் படகு நின்ற கதையை அம்மாவுக்கே இரண்டாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிச் சாப்பாட்டில் அம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவும் இல்லை.

“என்னம்மா?”

“ரசம் காரம்டி.”

பட்டறையில் அவளோடு இருந்த ஏழு மெக்கானிக்குகளில் நாலு பேரிடம் வேறு வேலை தேடிக்கொள்ளும்படி தவுக்கே அதற்கு முந்தின வாரமே சொல்லியிருந்தார். டீசல் படகுகளை ஒவ்வொன்றாக மாற்றப் போவதாக முடிவு. ஐந்தாவது பெயர் அம்மாவுடையது. அவள் சொந்த விடுப்பு எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிப்போங்கள், பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்று தவுக்கேயிடம் கெஞ்சிக் கேட்டுத்தான் அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். இதெல்லாம் நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அப்பா சொல்லித் தெரிந்தது. அப்போது அம்மாவின் பொறுப்பில் மூன்று பேட்டரிப் படகுகள் தீவுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், உலகத்திலேயே கெட்டிக்கார அம்மா ஒரு ரசத்துக்குப் போய் அழுகிறாள் என்பதுதான். “இதுக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா லா?” என்று சிரித்துக்கொண்டே என்னுடைய ரோஸ் சிராப் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதை ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, இன்னொரு கரண்டி ரசம் கேட்டாள்.