விதை நெல்லை அவிக்க ஊறப்போட்ட நாள்

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. போன வருஷம் போனில் கடைசிக்காலப் பிரசங்கங்கள் கேட்க ஆரம்பித்தேன். யுத்தம், பூகம்பம், வற்றிப்போகும் நதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் காட்டுவார்கள். எங்கள் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்துசேரவில்லை. முடிவு வந்துவிட்டது என்றே நம்பினேன். நெஞ்சு படபடக்கும், சோறு இறங்காது. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே அழுகை வரும்.

உலகமே முடியப்போகும்போது விதைத்து என்ன செய்ய? ஆவணியில் ஒருநாள், சம்பாவுக்கு வைத்திருந்த விதை நெல்லைச் சாப்பாட்டு அரிசிக்காக அவிக்கலாம் என்று அண்டாவில் ஊறப்போட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "வெத நெல்லயா அவிக்கப் போற? ஆண்டவர் வர்றப்ப நாத்தங்கால்ல நம்மளப் பாத்தா கோச்சுக்குவாரா?" என்றார்.

உள்ளே போய் முழங்கால் போட்டேன். "இயேசப்பா, என்னால முடியல. இந்தப் பயத்த மட்டும் எடுத்துடுங்க" என்றேன். பிறகு வேதத்தைத் திறந்தேன். எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனம் வந்தது. ஆலய வாசற்படியின் கீழிருந்து புறப்படும் தண்ணீர், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறி, கடக்க முடியாத ஆறாகிறது. அது எந்த தேசம், எந்த வருஷம் என்றெல்லாம் பிரசங்கத்தில் கேட்டிருந்தேன். அன்றைக்கு வேறு மாதிரி விளங்கியது. அந்த ஆலயம் நான்தான். அந்த ஆறு எனக்குள்ளேதான், இப்போதே, ஓடிக்கொண்டிருக்கிறது.

குரல் எதுவும் கேட்கவில்லை, வெளிச்சமும் தெரியவில்லை. படபடப்பு நின்றுபோனது, அவ்வளவுதான்.

எழுந்து வந்தேன். அடுப்பு மூட்டவில்லை. ஊறின நெல்லை வடித்து, சாக்கில் கட்டி முளைகட்ட வைத்தேன். அவிப்பதற்கும் விதைப்பதற்கும் முதல் வேலை ஊறப்போடுவதுதானே. போர்வெல் வைத்திருக்கும் பக்கத்து வயல்காரர் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டார். மழை பிடித்த பிறகு நடவு நட்டோம்.

கார்த்திகை மழையில் பாதிப் பயிர் மூழ்கி அழுகிப்போனது. வரப்பில் நின்று அழுதேன். ஆனால் பயம் வரவில்லை. தண்ணீர் வடிந்ததும், தப்பின பயிரில் கொஞ்சம் கலைத்தெடுத்து, அழுகின இடத்தில் மறுபடி நட்டேன்.

தீர்க்கதரிசனத்தைப் படித்துப் பயந்துபோய் இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், எப்போது நடக்கும் என்று கேட்பதை ஒருநாள் நிறுத்திவையுங்கள். இந்த வசனம் எனக்குள்ளே எதைக் காட்டுகிறது என்று ஆண்டவரிடமே கேளுங்கள். நல்ல விளைச்சல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. சமாதானம் கேட்டேன். பாதி வயல் போன அன்றும் அது என்னைவிட்டுப் போகவில்லை.